ஓட்டையை விட்டவர்கள் பதில் சொல்லட்டும்

2023 ஓகஸ்ட் 26ஆம் திகதி இலங்கை அரசாங்கம் தன் கடிதங்களைத் தொலைத்தது. மே 17ஆம் திகதி தொடங்கி அன்றுவரை அரச மின்னஞ்சல் முகவரிகளுக்கு வந்தவையும் அங்கிருந்து போனவையும் அழிந்தன. ஏறத்தாழ 5,000 முகவரிகள். அமைச்சரவை அலுவலகமும் அவற்றுள் அடக்கம். மூன்று மாதத்துக்கு மேற்பட்ட அந்தக் காலத்துக்குக் காப்புப் பிரதி இல்லை.

இதை அனர்த்தம் என்று சொல்ல நாம் மறுக்கிறோம். அரசின் முகில் சேவையில் ஓடியது மைக்ரோசொஃப்ட் எக்ஸ்சேஞ்ச் மென்பொருளின் 2013ஆம் ஆண்டுப் பதிப்பு. 2023 ஏப்ரல் 11ஆம் திகதிக்குப் பிறகு அதற்குப் பாதுகாப்புத் திருத்தம் வராது என்பது வருடக்கணக்காகத் தெரிந்த செய்தி. திகதி வந்தது. திருத்தங்கள் நின்றன. நாலரை மாதத்தில் கப்பம் கேட்கும் நிரல் உள்ளே புகுந்தது.

2021இலேயே புதிய பதிப்புக்கு மாறத் திட்டமிட்டோம், நிதி போதவில்லை, முன்னைய பணிப்பாளர் சபையின் சில தீர்மானங்களும் தடையாயின என்று இலங்கை தகவல் தொடர்பாடல் தொழினுட்ப முகவர் நிலையம் விளக்கம் சொன்னது. எந்தப் பணிப்பாளர் சபை? எந்தத் தீர்மானம்? கையொப்பமிட்டவர் யார்? அவர் இன்று எந்த நாற்காலியில் இருக்கிறார்?

உடுவிலிலும் இணுவிலிலும் சுன்னாகத்திலும் இருப்பவர்களுக்கு ஓர் ஆவணம் தொலைவது என்றால் என்னவென்று எவரும் விளக்கத் தேவையில்லை. 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி, போரால் இடம்பெயர்ந்து, வலிகாமம் கால்நடையாகத் தென்மராட்சிக்குப் போனது. காணி உறுதியையும் பிறப்புச் சான்றிதழையும் சொப்பின் பையில் சுற்றி நெஞ்சோடு அணைத்துக் கொண்டுபோனவர்கள் தப்பினார்கள். அலுமாரியில் விட்டுவிட்டுப் போனவர்கள் பிறகு கச்சேரிக்கும் பிரதேச செயலகத்துக்கும் வருடக்கணக்காக அலைந்தார்கள். அந்த மக்களின் உறுதிகளையும் அடையாள அட்டைகளையும் ஓய்வூதியக் கோவைகளையும்தான் இப்போது கணினிக்குள் ஏற்றுகிறார்கள். சொப்பின் பைக்கு இருந்த கவனம்கூட அந்தக் கணினிக்கு இல்லை.

இனி மற்றப் பக்கத்தைப் பாருங்கள்.

2016 ஓகஸ்ட் இறுதியில் ஜனாதிபதியின் உத்தியோகபூர்வ இணையத்தளத்துக்குள் ஊடுருவல் நடந்தது. முகப்பு மாற்றப்பட்டது. உயர்தரப் பரீட்சையை ஏப்ரலில் வைக்க வேண்டாம், புத்தாண்டோடு இடிக்கிறது என்று அதில் எழுதியிருந்தது. நாட்டின் இணையத்தளங்களின் பாதுகாப்பைக் கவனியுங்கள் என்றும் எழுதியிருந்தது. அடுத்த நாளும் அதே தளம் வீழ்ந்தது. சில நாட்களில் கடுகண்ணாவையில் 17 வயதுப் பையன் ஒருவன் கைதானான்.

அவன் செய்தது தவறு. அதில் எமக்கு இரண்டாம் கருத்து இல்லை. ஆனால் ஒரு நாட்டின் முதற்குடிமகனின் தளத்தை இரண்டு நாளில் இரண்டு முறை வீழ்த்தக்கூடியதாக வைத்திருந்தவர் யார்? அவரைத் தேடி எந்தப் பொலிஸ் வாகனம் போனது?

2024 ஏப்ரலில் கல்வி அமைச்சின் இணையத்தளம். தன்னை மாணவன் என்று சொல்லிக்கொண்ட ஒருவர் உள்ளே போய், உங்கள் பாதுகாப்பு மிகக் குறைவு என்ற செய்தியை விட்டுவிட்டு வெளியேறினார். எட்டு வருடம் கழித்து, அதே பாடம், அதே வகுப்பு. 2024 டிசெம்பர் இறுதியில் அரச அச்சகத் திணைக்களத்தின் தளமும் பொலிஸ் திணைக்களத்தின் சமூக ஊடகக் கணக்குகளும் அந்நியர் கைக்குப் போயின. ஒன்று நாட்டின் சட்டங்களை அச்சிடும் திணைக்களம். மற்றது அச்சிட்ட சட்டத்தை அமுல்படுத்தும் திணைக்களம். கணினிக் குற்றச் சட்டமும் அந்தச் சட்டங்களில் ஒன்று என்பதைச் சொல்லத் தேவையில்லை.

குற்றம் கருவியில் இல்லை. இதை முதலில் அதிகாரத்தில் இருப்பவர்கள் விளங்கிக்கொள்ள வேண்டும்.

என்மேப் என்ற நிரல் 1997இலிருந்து இருக்கிறது. ஒரு கணினியில் எந்த வாயில்கள் திறந்திருக்கின்றன என்று சொல்லும். வயர்ஷார்க் வலையமைப்பில் ஓடும் தரவைப் பிரித்துக் காட்டும். மெட்டாஸ்ப்ளொயிட் தெரிந்த ஓட்டை ஒன்றின் வழியே உள்ளே போக முடியுமா என்று சோதிக்கும். மூன்றும் இலவசமாகக் கிடைக்கின்றன. வங்கிகளின் பாதுகாப்பைச் சோதிப்பவர்கள் இவற்றையே பயன்படுத்துகிறார்கள். வங்கியைக் கொள்ளையடிப்பவர்களும் இவற்றையே பயன்படுத்துகிறார்கள். கட்டளை ஒன்று. திரையில் வரும் எழுத்தும் ஒன்று.

வித்தியாசம் ஒரு கடிதத்தில் இருக்கிறது. முறையான பரிசோதகர் விசைப்பலகையில் கைவைக்க முன்னர் அந்தக் கடிதத்தைக் கையில் வைத்திருப்பார். எந்தெந்த முகவரிகளைச் சோதிக்கலாம், எவற்றைத் தொடக்கூடாது என்று அதில் இருக்கும். எந்தத் திகதியிலிருந்து எந்தத் திகதிவரை, எத்தனை மணிக்குத் தொடங்கலாம் என்று இருக்கும். ஏதாவது செயலிழந்தால் நள்ளிரவிலும் யாரை அழைப்பது என்று ஒரு தொலைபேசி இலக்கம் இருக்கும். கண்ணில் பட்ட தரவை என்ன செய்வது, அறிக்கை யாரிடம் போகும், பிரதிகளை எப்போது அழிப்பது என்று இருக்கும். கீழே, அனுமதி கொடுக்க அதிகாரம் உள்ளவரின் ஒப்பம் இருக்கும்.

அந்தக் கடிதம் இல்லாமல் பிறர் கணினியில் கை வைப்பவர், எவ்வளவு நல்ல நோக்கம் உடையவராக இருந்தாலும், தவறு செய்கிறார். காரணம் எளிது. வெளியே நிற்பவருக்கு உள்ளே என்ன ஓடுகிறது என்று தெரியாது. பழைய கருவிகள் வெறும் வருடலுக்கே நின்றுபோவதுண்டு. நீங்கள் பரீட்சித்துப் பார்த்த நேரத்தில் ஒரு வைத்தியசாலையின் பதிவேடு முடங்கினால், கெட்டித்தனத்தைக் காட்டத்தான் செய்தேன் என்று யாரிடம் சொல்வீர்கள்?

இது மாணவருக்குச் சொல்ல வேண்டியது. சொல்லியாயிற்று.

இனி ஆள்பவருக்கு. நேர்மையான ஒரு மாணவி அரச தளம் ஒன்றில் தன் விண்ணப்பத்தைப் பார்க்கிறாள். முகவரிப் பட்டியில் உள்ள இலக்கம் ஒன்று தவறி மாறுகிறது. வேறொருவரின் அடையாள அட்டை திரையில் வருகிறது. அவள் எதையும் உடைக்கவில்லை. எந்த நிரலையும் ஏவவில்லை. இப்போது அவள் யாரிடம் சொல்வது? சொன்னால், நீ ஏன் பார்த்தாய் என்பதே முதற் கேள்வியாக வரும். பேசாமல் இரு பிள்ளை, எங்களுக்கேன் பொலிஸ் சோலி என்று வீட்டில் சொல்வார்கள். வீட்டார் சொல்வதில் தவறு இல்லை. சட்டம் அவர்களை அப்படிச் சொல்ல வைத்திருக்கிறது.

2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டத்தின் 3ஆம் பிரிவு, அதிகாரமின்றிக் கணினியையோ அதில் உள்ள தகவலையோ அணுகுவதற்கு ஐந்து வருடம்வரை சிறையும் ஒரு இலட்சம் ரூபாவரை தண்டமும் வைத்திருக்கிறது. 9ஆம் பிரிவு, குற்றத்துக்குப் பயன்பட வேண்டும் என்ற நோக்கத்தோடு நிரல்களையும் கடவுச்சொற்களையும் பரப்புவோருக்கு மூன்று வருடம்வரை சிறை வைத்திருக்கிறது. இவை தேவையான பிரிவுகள். நீக்கச் சொல்லி நாம் கேட்கவில்லை. ஆனால் ஓட்டையைக் கண்டு, எதையும் எடுக்காமல், எவருக்கும் விற்காமல், உரியவரிடம் அறிவித்தவருக்குப் பாதுகாப்பு என்று வெளிப்படையாகச் சொல்லும் ஒரு பிரிவு அதில் இல்லை. அலட்சியமாக ஓட்டையை விட்ட அரச அதிகாரிக்குத் தண்டனை சொல்லும் பிரிவும் அதில் இல்லை.

இலங்கை 2015இல் புடாபெஸ்ட் சைபர் குற்ற உடன்படிக்கையில் சேர்ந்தது. தென்னாசியாவில் முதல் நாடு என்று பெருமையும் பேசியது. அந்த உடன்படிக்கையின் 6ஆம் உறுப்புரை கருவிகளின் துர்ப்பயன்பாட்டைக் குற்றமாக்குகிறது. அதே உறுப்புரையின் இரண்டாம் பந்தி, அனுமதி பெற்ற பரிசோதனைக்கும் கணினியின் பாதுகாப்புக்கும் பயன்படுவதைக் குற்றமாகக் கொள்ளக்கூடாது என்கிறது. முதற் பந்தியைப் பிடித்துக்கொண்டவர்கள் இரண்டாம் பந்தியை எங்கே வைத்தார்கள்? 2007ஆம் ஆண்டுச் சட்டத்தை அதற்கேற்பத் திருத்தி எழுத அவர்களுக்குப் பத்து வருடம் போதவில்லையா?

இந்தப் பகுதி மக்களுக்கு ஒன்றை நினைவூட்டுகிறோம். சுன்னாகத்தைச் சுற்றிய கிணறுகளில் மின்நிலையத்தின் எண்ணெய் மிதந்தபோது, வாளியைத் தூக்கிக் காட்டியவர்கள் மேல் எவரும் வழக்குப் போடவில்லை. அவர்கள் வீதிக்கு வந்தார்கள். வழக்கு உயர் நீதிமன்றம்வரை போனது. 2019 ஏப்ரலில் மின்னுற்பத்தி நிறுவனம் 20 மில்லியன் ரூபா இழப்பீடு கொடுக்க வேண்டும் என்று தீர்ப்பு வந்தது. தண்ணீரில் நஞ்சு என்று சொன்னவர் சாட்சி. தரவில் ஓட்டை என்று சொன்னவர் மட்டும் எப்படிச் சந்தேகநபர் ஆனார்?

இந்த வியாதி இங்கு மட்டும் இல்லை. 1995இல் டான் ஃபார்மர், வீட்சா வெனிமா என்ற இருவர் வலையமைப்புகளின் பலவீனத்தைக் கண்டுபிடிக்கும் சேட்டன் என்ற நிரலை வெளியிட்டார்கள். உலகம் அழியப்போகிறது என்ற கூச்சல் எழுந்தது. ஃபார்மருக்கு வேலை போனது. உலகம் அழியவில்லை. இன்று அந்த வகை நிரல் இல்லாத வங்கியே இல்லை.

இந்தியாவில் வாக்குப்பதிவு இயந்திரத்தின் பலவீனத்தை ஆராய்ந்து காட்டிய ஹரி பிரசாத் 2010 ஓகஸ்டில் கைது செய்யப்பட்டார். இயந்திரத்தைக் கொடுத்தது யார் என்று அவரிடம் கேட்டார்கள். இயந்திரத்தைப் பற்றிக் கேட்க வேண்டியவர்களிடம் அந்த அவசரத்தோடு எவரும் போகவில்லை.

கூடங்குளம் இன்னும் வெட்கக்கேடு. அணுமின் நிலையத்தின் நிர்வாக வலையமைப்பில் தீநிரல் இருப்பது 2019 செப்டெம்பர் தொடக்கத்திலேயே அதிகாரிகளுக்கு அறிவிக்கப்பட்டிருந்தது. செய்தி வெளியே கசிந்ததும், ஒக்டோபர் 29ஆம் திகதி, அப்படி ஒன்றும் நடக்கவில்லை என்று நிலையம் மறுத்தது. மறுநாள், ஆம், நடந்தது என்று இந்திய அணுமின் கழகம் ஒப்புக்கொண்டது. பாக்கு நீரிணைக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் முதல் வார்த்தை மறுப்புத்தான்.

வேறு வழி உண்டு. நெதர்லாந்து அரசாங்கம் 2013இலேயே ஓட்டைகளை அறிவிப்பதற்கான வழிகாட்டலை வெளியிட்டது. நல்லெண்ணத்தோடு பாதுகாப்பை ஆராய்பவர்கள் மீது வழக்குத் தொடரக்கூடாது என்று 2022 மேயில் அமெரிக்க நீதித் திணைக்களம் தன் வழக்குத் தொடுநர்களுக்கே கட்டளையிட்டது. அமெரிக்கா எமக்கு முன்மாதிரி என்று நாம் சொல்ல வரவில்லை. மென்பொருளை அங்கிருந்து வாங்குகிறவர்கள் இதையும் சேர்த்து வாங்கியிருக்கலாம்.

இனி எங்கள் வீதிக்கு வருவோம். காங்கேசன்துறை வீதியில் மருதனார்மடத்திலிருந்து சுன்னாகம்வரை போனால் மதில்களில் என்னென்ன வகுப்பு விளம்பரம் இல்லை? சாதாரண தரம் முடித்த கையோடு கணினிப் பாதுகாப்பு நிபுணர் ஆகலாம் என்கிற வகுப்புகளும் இப்போது கிளம்பியிருக்கின்றன. ஊடுருவல் சோதனைக் கருவிகள் நிறைந்த காளி லினக்ஸைப் பென்ட்ரைவில் போட்டுக் கொடுக்கிறார்கள். முதற் பயிற்சியே பக்கத்து வீட்டு வைஃபையின் கடவுச்சொல். அனுமதிக் கடிதம் என்ற சொல்லை அந்த வகுப்பில் எவரும் உச்சரிப்பதில்லை. மாணவர்கள் சிரித்துக்கொண்டு வீட்டுக்குப் போகிறார்கள். சட்டத்தின் 3ஆம் பிரிவுக்குள் காலை வைத்துவிட்டுப் போகிறோம் என்று அவர்களுக்குத் தெரியாது. பாடம் எடுத்தவருக்குத் தெரியும். தெரியாவிட்டால் அவர் பாடம் எடுக்கவே கூடாது.

இந்த வகுப்புகளைப் பதிவு செய்வது யார்? என்ன படிப்பிக்கிறார்கள் என்று போய்ப் பார்ப்பது யார்? பாடசாலைப் பாடத்திட்டத்தில் கணினி ஒழுக்கம் பற்றிய பகுதி உண்டு. கடைசி அலகாக, புள்ளிக்காக, பரீட்சைக்கு முதல்நாள் மனப்பாடம் செய்யும் பகுதியாக உண்டு. வலயக் கல்விப் பணிமனைகள் அதைப் படிப்பித்ததாகக் கணக்குக் காட்டலாம். விளைவைக் காட்ட முடியாது.

விளைவு பிள்ளைகளின் கைத்தொலைபேசியில் இருக்கிறது. திருத்தக் கொடுத்த தொலைபேசியில் இருந்த படங்கள் வேறொருவரின் வட்ஸ்அப்பில் வருகின்றன. முகநூல் கணக்கு பறிபோகிறது. பணம் கொடு, இல்லாவிட்டால் படத்தைப் போடுவேன் என்று செய்தி வருகிறது. தொலைந்த படங்களை மீட்க என்று எழுதப்பட்ட நிரலே இங்கு களவுக்கு உதவுகிறது. இப்படிச் செய்பவனுக்கு எந்த இரக்கமும் வேண்டாம். அவன் மாணவனும் இல்லை, ஆராய்ச்சியாளனும் இல்லை. 3ஆம் பிரிவு எழுதப்பட்டது அவனுக்காகத்தான். அவனைப் பிடிக்காமல், ஓட்டையைக் காட்டியவனைப் பிடிப்பது எந்த நீதி?

பாதிக்கப்பட்ட பெண்பிள்ளை முறைப்பாட்டை எந்த மொழியில் எழுதுவது? அதைப் பதிபவருக்கு அது விளங்குமா? தமிழ் அரசகரும மொழி. இணையத்தில் மட்டும் அதற்கு விதிவிலக்கு வழங்கியது எந்த வர்த்தமானி?

அலுவலகங்களின் நிலையையும் சொல்ல வேண்டும். சேவை பெறப் போகிறவர்களின் கண்ணெதிரே, கணினித் திரையின் ஓரத்தில், மஞ்சள் தாளில் கடவுச்சொல் ஒட்டியிருக்கும் அலுவலகத்தை நாம் பார்த்திருக்கிறோம். உத்தியோகத்தர் மாறிப் போயும் தாள் மாறவில்லை. அரச கடிதத் தலைப்பில் தனிப்பட்ட ஜிமெயில் முகவரி அச்சிடப்படுகிறது. அரச முகவரியில் போட்டால் அழிந்துபோகும் என்ற முன்னெச்சரிக்கையாக இருக்கலாம்.

சட்டங்கள் இல்லாமல் இல்லை. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2022 மார்ச்சில் நிறைவேறியது. அரச திணைக்களங்களும் அதற்குக் கட்டுப்பட்டவை. மீறினால் ஒரு கோடி ரூபாவரை தண்டம். தரவு கசிந்தால் அறிவிக்க வேண்டிய கடமை. இவற்றை 2025 மார்ச் 18ஆம் திகதி முதல் நடைமுறைப்படுத்துவதாக நாள் குறித்தார்கள். நாள் நெருங்கியதும் பின்போட்டார்கள். சைபர் பாதுகாப்புச் சட்டமூலத்தின் வரைவு 2019இல் வந்தது. அரசாங்கங்கள் மாறின. வரைவு வரைவாகவே கிடந்தது. 17 வயதுப் பையனைப் பிடிக்கும் சட்டம் வருடக்கணக்காக ஓடுகிறது. அதிகாரியைப் பிடிக்கும் சட்டத்துக்கு மட்டும் ஆயத்தம் போதவில்லை.

இதே கையோடு டிஜிட்டல் அடையாள அட்டை வருகிறது. ஒவ்வொருவரின் கைரேகையும் ஒரே இடத்தில் சேர்க்கப்படப்போகிறது. அரசுக்கு இணையவழி பணம் செலுத்தும் கவ்பே சேவை 2025 பெப்ரவரியில் தொடங்கிவிட்டது. தண்டமும் வரியும் அதன்வழி போகின்றன. கடவுச்சொல் களவு போனால் மாற்றலாம். கைரேகை களவு போனால் எதை மாற்றுவது? டிஜிட்டல் பொருளாதார அமைச்சு ஜனாதிபதியின் கையில் உள்ளது. எனவே இந்தக் கேள்வி அவருடைய மேசைக்கே போகிறது.

திருத்தங்களைக் கோருகிறோம். கணினிக் குற்றச் சட்டத்தில் நல்லெண்ண அறிவிப்பாளருக்குப் பாதுகாப்பளிக்கும் பிரிவு சேர்க்கப்பட வேண்டும். அந்தப் பாதுகாப்பின் எல்லையும் அதிலேயே எழுதப்பட வேண்டும். ஒவ்வொரு அரச தளத்தின் முகப்பிலும் ஓட்டையை அறிவிக்கும் முகவரி மூன்று மொழியிலும் இருக்க வேண்டும். அறிவித்தவருக்கு இத்தனை நாளில் பதில், இத்தனை நாளில் திருத்தம் என்று காலக்கெடு வேண்டும். கணினி அவசர நிலைகளைக் கையாள 2006இலிருந்து இயங்கும் இலங்கை சேர்ட் நிறுவனம் இதைக் கண்காணித்து, காலக்கெடுவை மீறிய திணைக்களங்களின் பெயரைப் பகிரங்கமாக வெளியிட வேண்டும். தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் கடமைகள் இனியும் பின்போடப்படாமல் அமுலாக வேண்டும். கைரேகை எடுக்க முன்னர் அமுலாக வேண்டும். பாதுகாப்பு வகுப்பு நடத்துபவர், முதல் நாளே அனுமதி என்ற பாடத்தை நடத்தியாக வேண்டும் என்ற நிபந்தனையோடு பதிவு செய்யப்பட வேண்டும்.

இவற்றுக்கெல்லாம் ஆணைக்குழு வேண்டாம். கொழும்பில் இன்னொரு பயிற்சிப் பட்டறையும் வேண்டாம்.

முதலில் செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. மின்னஞ்சல் சேவையைப் புதுப்பிப்பதைத் தாமதப்படுத்திய பணிப்பாளர் சபைத் தீர்மானங்கள் ஏதோ ஒரு கோவையில் உள்ளன. திகதியோடு உள்ளன. பெயர்களோடு உள்ளன. தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2017 பெப்ரவரியிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. எவரும் விண்ணப்பம் எழுதும்வரை காத்திராமல் அந்தத் தீர்மானங்களை முகவர் நிலையம் வெளியிட வேண்டும். தமிழிலும் வெளியிட வேண்டும்.